வேண்டுமென்றே விலகி நடப்பது

கஷ்மீரின் ஹர்முக் மலையடியில், 3,500 மீற்றருக்கும் மேலே, கங்காபல் ஏரி இருக்கிறது. அதன் நீர் பக்கத்து நந்த்கோல் ஏரிக்கு வடிந்து, அங்கிருந்து ஓடையாக இறங்குகிறது. இப்படியான உயரங்களில், கூடாரத்தையும் அரிசியையும் முதுகில் சுமந்துகொண்டு, ஒற்றையடிப் பாதைகூட இல்லாத இடங்களால் ஏரிக்கு ஏரி நடப்பவர்கள் உலகெங்கும் உண்டு. வரைபடமும் திசைகாட்டியும்தான் அவர்களுக்குத் துணை.

திசைகாட்டியைப் பிடித்து நேரே ஏரியை நோக்கி நடந்தால் போதாதா? போதாது. 5 பாகை பிசகினால் 2 கிலோமீற்றர் முடிவில் சுமார் 175 மீற்றர் தள்ளி நிற்போம். மூடுபனியில் சின்ன ஏரி அந்தத் தூரத்தில் தெரியாது. இடப்பக்கம் பிசகினோமா வலப்பக்கமா என்பதும் தெரியாது. ஆகவே தேர்ந்தவர்கள் ஏரியைக் குறிவைப்பதில்லை. ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையை, சற்றுக் கீழே போய்ச் சந்திக்கும்படி திசை வைப்பார்கள். ஓடை வந்ததும் நீரோட்டத்துக்கு எதிராக ஏறினால் ஏரி. வழி கண்டு நடக்கும் கலையில் இதைவிட அழகான தந்திரம் இல்லை என்பேன்.

கொழும்பின் பாமன்கடையிலேயே இதைப் பழகலாம். வெள்ளவத்தைக் கால்வாய் காலி வீதியைக் கடக்கும் பாலத்துக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குத் தெற்கே வீதியில் ஏறும்படி ஒழுங்கைகளால் மேற்கே நடவுங்கள். வீதி வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் பாலம் தப்பாது. காலி வீதியையே கவனிக்காமல் கடந்துவிடும் ஆளென்றாலும் கடல் மறிக்கும். மலையிலும் அப்படி மறிக்க ஒரு முகட்டையோ ஆற்றையோ முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்து வைப்பார்கள்.

லண்டன் உறவினர் கொண்டுவரும் திசைகாட்டியில் மட்டும் கவனம். அங்கே புவியின் காந்தப்புலம் நிலத்துக்குள் மிகவும் சரிந்து இறங்குவதால் ஊசியின் வடமுனை கீழே இழுபடும். அதைச் சமன்செய்யத் தென்பக்கத்தில் சிறு எடை வைப்பார்கள். இலங்கையோ காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. இங்கே புலம் ஏறக்குறையக் கிடையானது. ஆகவே எடை வைத்த தென்முனை இங்கே தாழ்ந்து, அடித்தட்டில் உரசி நின்றுவிடும்.

மலைக்கே போய்ப் பழகலாமே என்றால், 1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ள ஹோட்டன் சமவெளியில் பாதையை விட்டு இறங்கத் தடை. அது சரியான தடைதான். பழகுவதற்கு ஊரே போதும். கிருல வீதியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் 1:50,000 வரைபடம் வாங்குங்கள்; அதில் ஒரு சென்ரிமீற்றர் அரைக் கிலோமீற்றர். திசைகாட்டி வாங்கும்போது கடையிலேயே மட்டமாகப் பிடித்து, ஊசி தாராளமாகச் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.