லேப் லெட்டர் கேட்கிறவர்கள்

வேலைக்கு ஒரு தாள் – 9

கோடம்பாக்கம் மேம்பாலம் இறங்கி ஆற்காடு சாலையில் வடபழனி நோக்கிப் போனால் இரண்டு தொழில்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று மெட்ரோ. கலங்கரை விளக்கத்தில் தொடங்கிப் பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் ஓடப்போகும் நான்காவது வழித்தடம், கோடம்பாக்கம் வரை பூமிக்கடியில் வந்து அதன்பிறகு தூண்களின் மேல் ஏறுகிறது. மற்றது சினிமா. இரண்டுமே கடன் வாங்கி, பல நூறு பேரைக் கூட்டி, ஒரு தேதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலைகள். வேலையை நடத்துகிறவரின் தகுதிக்கு ஒன்றில் எழுத்துமூலமான சாட்சி கேட்கிறார்கள், மற்றதில் "ஆள் எப்படி?" என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். திட்ட மேலாண்மைச் சான்றிதழ்களுக்கு உண்மையில் என்ன மதிப்பு என்ற கேள்விக்கு இந்தச் சாலையைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சென்ற வாரம் பார்த்த பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்ற அமைப்பு 1984 முதல் இந்தத் தேர்வை நடத்திவருகிறது. வேலைகளைத் தலைமையேற்று நடத்திய அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் இருந்தால்தான் தேர்வு எழுதலாம். தேறியவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 மணி நேரக் கற்றலைக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சென்னையில் இதை நாடுகிறவர்களில் பலர் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. ஊழியர்கள். சான்றிதழ் பெற்றவர்களின் நடுமதிப்புச் சம்பளம், 21 நாடுகளில் சராசரியாக 33 விழுக்காடு அதிகம் என்று 2023இல் வெளியான பி.எம்.ஐ. ஆய்வு சொல்கிறது. தேர்வை விற்கிறவரே எடுத்த கணக்கு என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் வேலை நடத்தியவர்தான் தேர்வுக்கே வர முடியும் என்றால், கூடுதல் சம்பளம் சான்றிதழுக்கா அனுபவத்துக்கா என்று பிரித்துச் சொல்வது கடினம். பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இலேயே இதைக் கேட்டுவிட்டார். படிப்பு ஒருவருக்கு எதையுமே கற்றுத்தராவிட்டாலும், திறமையில்லாதவருக்கு அதைப் பெறுவது கடினமாக இருக்கும்வரை முதலாளிக்கு அது ஓர் அடையாளமாகப் பயன்படும் என்பது அவர் வாதம். அதற்காகத்தான் 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அடையாளம் என்றால் அதைப் பார்த்து முடிவெடுக்க ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். பார்க்க ஆளில்லாத இடத்தில் சான்றிதழ் சுவரில் மாட்டும் படம்தான்.

ஸ்டூடியோ காலத்தில் கோடம்பாக்கத்துக்கு இந்தத் தாள் தேவைப்படவே இல்லை. ஏவி.எம். நிறுவனம் 1948இல் காரைக்குடியில் இருந்து இங்கே வந்தது. இன்று விஜயா மால் நிற்கும் இடத்தில் நாகிரெட்டியின் விஜயா-வாஹினி இருந்தது. தச்சர் முதல் தயாரிப்பு நிர்வாகி வரை மாதச் சம்பளக்காரர்கள். முதலாளிக்கு ஒவ்வொருவரையும் தெரியும். கோடம்பாக்கத்துக்குச் சற்று வெளியே ஜெமினியில் வாசன் எடுத்த ‘சந்திரலேகா’ பல ஆண்டுகள் இழுத்து, இயக்குநர் பாதியில் மாறி, 30 லட்சம் ரூபாய் விழுங்கி 1948இல் வெளிவந்தது. அத்தனையையும் தாங்க முடிந்தது, வேலை தெரிந்த ஆட்கள் அங்கேயே இருந்ததால்தான். ஸ்டூடியோக்கள் மூடிய பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதுக் கூட்டம் கூடிக் கலைகிறது. புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர் போன படத்தை நாற்பது நாள் திட்டத்துக்கு நாற்பத்திரண்டு நாளில் முடித்தாரா, எழுபது நாளாக்கினாரா என்பது அடுத்த தயாரிப்பாளருக்கு வாய்வழியாக வந்தால் உண்டு. ஆக, சான்றிதழின் தேவை நிலையான நிறுவனத்தில் குறைவு, கலைந்துபோகும் கூட்டத்தில் அதிகம். நடைமுறையோ தலைகீழ்: மாதச் சம்பளக்காரர்கள் தேர்வு எழுதுகிறார்கள், அன்றாட பேட்டாக்காரர்களிடம் இருப்பது சங்க அட்டை மட்டும்.

அந்த அட்டையே சான்றிதழ்தானே என்று கேட்பார்கள். திரைத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. கூலி பாக்கி என்றால் கேட்க ஆள் இருப்பது சிறிய விஷயமில்லை. ஆனால் அட்டை சொல்வது ‘இவர் எங்கள் ஆள்’ என்பதை. ‘இவருக்கு வேலை தெரியும்’ என்பதை அல்ல. மும்பையில் இந்த வித்தியாசம் நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவில் ஒப்பனை படித்துத் திரும்பிய ஒரு பெண்ணுக்கு, ஒப்பனை ஆண்களுக்கு, தலையலங்காரம் பெண்களுக்கு என்ற விதியைக் காட்டி மும்பைச் சங்கம் அட்டை மறுத்தது. கையில் படிப்பு இருந்தது, வாசலில் ஆள் நின்றார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது.

இனி மெட்ரோவுக்கு வருவோம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் என்ற இரண்டாம் கட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் கொடுக்கின்றன. இப்படிப்பட்ட வங்கிகளின் டெண்டர் படிவங்களில், முக்கியப் பொறுப்பாளர் யார், என்ன படித்தார், இதற்கு முன் எதைக் கட்டி முடித்தார் என்று எழுத ஒரு பகுதி உண்டு. அங்கே தாளைப் படிப்பது கடன் கொடுத்தவர். கோடம்பாக்கத்துக் கடன்காரர் படிக்கும் தாள் ஒன்றே ஒன்று: லேப் லெட்டர். தன் பாக்கி தீராமல் படம் லேபை விட்டு வெளியே போகாது என்ற உறுதி கிடைத்துவிட்டால், படப்பிடிப்பு நாற்பது நாளா எழுபது நாளா என்பது அவர் கவலையில்லை. நாள் கூடினால் வட்டிதான் கூடும். நஷ்டம் தயாரிப்பாளருக்கு. அதனால்தான் ரிலீஸுக்கு முந்தைய இரவு பஞ்சாயத்து, காலைக் காட்சி ரத்து. 1998இல் மத்திய அரசு திரைத்துறைக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்தபோது வங்கிக் கடன் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வங்கிக்குக் காட்ட என்ன கணக்கு வைத்திருக்கிறோம் என்பதை யோசித்தவர்கள் குறைவு.

சினிமா கலை, அதைக் கட்டம் போட்ட தாளில் அடக்க முடியாது என்பது பழைய மறுப்பு. ஹீரோ கால்ஷீட் கொடுக்காவிட்டால் எந்தச் சான்றிதழ் என்ன செய்யும் என்பது அதைவிட நேர்மையான மறுப்பு. முதலாவதற்குப் பதில் ‘பொன்னியின் செல்வன்’. 2019 டிசம்பரில் தொடங்கி, கொரோனா குறுக்கிட்டும், அத்தனை நட்சத்திரங்களின் தேதிகளைக் கோத்து இரண்டு பாகங்களைச் சேர்த்தே எடுத்தார்கள். கலை ஒன்றும் ஓடிப்போகவில்லை. இரண்டாவதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹீரோவைச் சான்றிதழ் கட்டாது. ஆனால் தாமதம் யாரால் வந்தது என்று தேதியோடு எழுதிவைக்கத் தெரிந்த நிர்வாகி, பழியாவது தன் தலையில் விழாமல் தடுக்கலாம். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தபோதும், பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அந்தக் கேள்வி எழும் முன்பே எழுத்தில் பதில் இருப்பது இந்தத் தொழிலறிவின் முதல் பாடம்.

எனக்குத் தயக்கம் தருவது வேறொன்று. தட்டு எடுத்துவைக்கும் புரொடக்‌ஷன் பாயாக நுழைந்து, இருபது வருடத்தில் மேனேஜரான ஒருவரை ஆங்கிலப் பாடநூலைப் படித்து வா என்று அனுப்பினால், சான்றிதழ் அவருக்குப் படியாக இருக்காது, வேலியாகிவிடும். மத்திய அரசின் திறன் திட்டத்தில் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்றொரு வழி இருக்கிறது: ஏற்கெனவே செய்துவரும் வேலையைச் சோதித்துச் சான்று தருவது. ஷெட்யூல் போடுவது, செலவுக் கணக்கு, அனுமதிக் கடிதங்கள், தளப் பாதுகாப்பு ஆகிய நான்கையும் தமிழில் சோதித்து, முடித்த படங்களின் திட்ட நாளையும் நிஜ நாளையும் பக்கத்தில் எழுதினால், கோடம்பாக்கத்துக்கு அதுவே போதும். ஓடிடி நிறுவனங்கள் செலவறிக்கை கேட்கத் தொடங்கிவிட்டதால் படிக்க ஆளும் வந்துவிட்டார். சோதிப்பது யார் என்பதில்தான் சிக்கல். தொழில் தெரிந்த சங்கம்தான் சோதிக்க முடியும். சந்தா வாங்கும் மேஜையிலேயே தேர்வுத்தாளும் திருத்தப்பட்டால், மும்பை வழக்கு இங்கேயும் வரும். அந்த இரண்டு மேஜைகளையும் பிரித்துவைத்த தொழில்களை அடுத்த வாரம் பார்ப்போம்.