மோல்: எண்ணலளவையா, எடுத்தலளவையா?

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பது தமிழிலக்கண மரபு. அளவையாகுபெயர்கள் இந்நான்கின் அடிப்படையிலேயே வகுக்கப்பட்டுள்ளன. வேதியியலில் வழங்கும் மோல் என்னும் அலகு இவற்றுள் எதனைச் சார்ந்தது என வினவின், கற்றாரும் தடுமாறுவர். 18 கிராம் நீர் ஒரு மோல் எனப் பயின்றவர் அதனை எடுத்தலளவை என்பர். துகள்களின் தொகை எனப் பயின்றவர் எண்ணலளவை என்பர். இத்தடுமாற்றத்தின் வேர் அவ்வலகின் வரலாற்றிலேயே உள்ளது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

வேதிவினை துகள்களின் எண்ணிக்கையைப் பற்றி நிகழ்வது. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் கூடி இரண்டு நீர் மூலக்கூறுகள் ஆகின்றன. ஆனால் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்தெடுத்தல் இயலாது; ஆய்வாளர்க்குக் கருவியாய் அமைந்தது தராசே. ஆதலின் நிறுத்து எண்ணும் நெறி வேண்டப்பட்டது. ஆக்சிஜன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூற்றினும் ஏறத்தாழ 16 மடங்கு நிறையுடையது. எனவே 2 கிராம் ஹைட்ரஜனிலும் 32 கிராம் ஆக்சிஜனிலும் உள்ள மூலக்கூறுகளின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அத்தொகை எத்துணை என்பது தெரியாவிடினும் இவ்வொப்புமை பொருந்தும். 4 கிராம் ஹைட்ரஜன் 32 கிராம் ஆக்சிஜனுடன் கூடி 36 கிராம் நீராவது இதனாலேயே.

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வளிகள் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகளைக் கொள்ளும் என்னும் கருத்தை இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811இல் வெளியிட்டார். நெடுங்காலம் போற்றப்படாது கிடந்த அக்கருத்தை 1860இல் கார்ல்சுரூ மாநாட்டில் கன்னிசாரோ வலியுறுத்தி நிலைபெறச் செய்தார். மூலக்கூற்றைக் குறிக்கும் செருமானியச் சொல்லிலிருந்து மோல் என்னும் பெயரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தவர் ஓசுவால்டு. அவர் அந்நாளில் அணுக்களின் உண்மையை ஒப்பாதவர். ஆதலின் அவர் கருத்தில் மோல் என்பது கிராமால் நிறுக்கப்படும் ஒரு நிறையே. எண்ணலளவை எடுத்தலளவையின் கோலத்தில் பிறந்தது இவ்வாறாம்.

பிரெஞ்சு அறிஞர் பெரின் பிசின் துகள்களை நீரில் மிதக்கவிட்டு, உயரம் மிகுந்தோறும் அவற்றின் எண்ணிக்கை குறையும் முறையை நுண்ணோக்கியாற் கணித்தார். அதிலிருந்து ஒரு மோலில் அடங்கும் மூலக்கூறுகளின் தொகையை உய்த்தறிந்து, 1909இல் அதற்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். அணுக்களை ஐயுற்றவரும் அவற்றின் உண்மையை ஏற்க இவ்வாய்வு துணைநின்றது.

1971இல் மோல் அனைத்துலக அலகு முறையின் ஏழாம் அடிப்படை அலகாயிற்று. எனினும், 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் தொகைக்கு நிகரான துகள்களைக் கொண்டது ஒரு மோல் என்றே அதனை வரையறுத்தனர். எண் அப்போதும் எடையைச் சார்ந்தே நின்றது. பின்னர், தூய சிலிக்கன்-28 படிகக் கோளங்களின் பருமனையும், அவற்றுள் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள இடைவெளியையும் எக்சுக் கதிரால் நுட்பமாக அளந்தனர். அதன் பயனாக 2019 மே 20 முதல் வரையறை மாறியது. 602214076 என்பதன் வலப்புறம் 15 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணே ஒரு மோலின் தொகை என நிலைநாட்டப்பட்டது. கார்பன்-12இன் ஒரு மோல் 12 கிராம் என்பது இன்று வரையறையன்று. அளந்தறிய வேண்டிய செய்தியாகும். எனினும் வேறுபாடு மிக மிக நுண்ணியதாதலின் வகுப்பறைக் கணக்குகள் மாறா.

இவ்வெண்ணின் பெருமையைச் சிறிது கருதுவோம். 800 கோடி மக்கள் ஒன்றுகூடி, ஒவ்வொருவரும் நொடிக்கு ஒன்றாக இடையறாது எண்ணினும், 18 கிராம் நீரின் மூலக்கூறுகளை எண்ணி முடிக்க ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்டுகள் செல்லும். தராசோ அதனை ஒரு நொடியில் முடிக்கின்றது.

ஆகவே மோல் எண்ணலளவையே. எடுத்தல் அதனை அடையும் வழி மட்டுமே. கிராம்-மூலக்கூற்று எடை என்னும் பழைய வழக்கு வழியையே பொருளாக மயங்கச் செய்தலின், மோலுக்கு விளக்கமாக அதனைக் கூறுதல் பொருந்தாது. மேலும், எண்ணுப்பெயர் எண்ணப்படும் பொருளை வேண்டி நிற்பது போல, மோலும் துகளின் பெயரை வேண்டி நிற்கும். ஒரு மோல் ஆக்சிஜன் என்று வாளா கூறின் அணுவா மூலக்கூறா என்னும் ஐயம் எழும். முன்னது 16 கிராம், பின்னது 32 கிராம். எதனை எண்ணுகின்றோம் என்பதைச் சொல்லிப் பின் எண்ணுதலே முறையாகும்.