பாங்காக்கில் படமும் சாப்பாடும்

முத்துப்பேட்டைப் பக்கத்துச் சபராளிகள் சிங்கப்பூர், மலேசியா போகும்போதோ திரும்பும்போதோ பாங்காக்கில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதுண்டு. அங்கே எந்தக் கடையில் படம் நன்றாக வரும், எங்கே நம்பிச் சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்காக இது. இரண்டும் ஒரே கடையில் அமைவது குறைவு. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

படத்துக்கு முதலிடம் சாவ் ப்ராயா ஆற்றங்கரைக்குத்தான். சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் தா தியான் படித்துறை. எதிர்க்கரையில் வாட் அருண் கோபுரம் நேராக நிற்கும். அதைப் பார்த்தபடி சுப்பன்னிகா, ரோங்ரோஸ், சாலா ரத்தனகோசின் என்று உணவகங்கள் இருக்கின்றன. கோபுரம் மேற்குக் கரையில் இருக்கிறது, நாம் உட்காருவது கிழக்குக் கரையில். மாலையில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்குவதால் கோபுரம் கறுப்பு நிழலாகத்தான் விழும். அதன் மேல் பதித்திருக்கும் பீங்கான் பூ வேலைப்பாடு எதுவும் தெரியாது. அது வேண்டுமென்றால் காலை வெயிலில், ஆற்றைக் கடக்கும் படகிலிருந்து எடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து எடுக்க நல்ல நேரம், சூரியன் மறைந்து வானம் நீலமாக இருக்கும்போதே கோபுரத்து விளக்குகள் எரியத் தொடங்கும் அந்தக் கால் மணி நேரம்தான். ஐந்தரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். முன்பதிவு செய்யும்போது ‘ஆற்றோர மேசை’ என்று தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உள்ளே ஏ.சி. அறையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்தக் கடைகளில் காட்சிக்கும் சேர்த்துத்தான் பில் வரும். சுப்பன்னிகாவில் த்ராட் என்ற கிழக்குக் கடலோர ஊரின் வீட்டுச் சமையல் நன்றாகவே இருக்கும். ஆனால் அவர்கள் பெருமையாகச் சொல்லும் குழம்பு பன்றி இறைச்சியில் செய்தது. மீன் சாறு ஊற்றி வதக்கிய முட்டைக்கோஸும் அங்கே பேர்போனதுதான்.

அடுத்தது நெருப்புப் படம். சாம் யோட் மெட்ரோ நிலையத்துக்கு வடக்கே மஹாசாய் சாலையில் திப்சமாய் இருக்கிறது. 1966-இல் தொடங்கிய பத் தாய் கடை. பத் தாய் என்பது புளி, பனைவெல்லம், மீன் சாறு சேர்த்துப் பிரட்டிய அரிசி நூடுல்ஸ். பழங்காலப் பலகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பிபுன் சொங்க்ராம் அரசு ஊக்குவித்துப் பரப்பியது அது. திப்சமாயில் அடுப்பு தெருவைப் பார்த்தபடி இருக்கும். வாணலியில் முட்டையை ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, துணி போல மெல்லியதாகப் பரப்பி, நடுவில் நூடுல்ஸை வைத்து நாலு பக்கமும் மடித்துத் திருப்பிப் போடுவார்கள். எல்லாம் சில நொடியில் முடிந்துவிடும். வீடியோ எடுப்பதே புத்திசாலித்தனம்.

அதே சாலையில்தான் ஜே ஃபாய். பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் அம்மையாரின் கடை. மிஷ்லின் நட்சத்திரம் பெற்றது. ஒரு ஆம்லெட் ஆயிரம் பாத்துக்கு மேல். மணிக்கணக்காகக் காத்திருக்கவும் வேண்டும். நம் காயல் நண்டைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள ராட்சத ஊஞ்சலைப் பார்த்துவிட்டு வரலாம். 1784-இல் முதலில் நிறுவிய சிவப்புத் தேக்குக் கம்பங்கள். மார்கழியில் நம் கோயில்களில் பாடுகிற திருவெம்பாவையை அரண்மனைப் பிராமணர்கள் ஓதும் சடங்கோடு சேர்ந்தது அந்த ஊஞ்சல் விழா. ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது. ஓதுவது நிற்கவில்லை.

நம்பிச் சாப்பிட வேண்டுமானால் சரோன் க்ருங் சாலை, 36-ஆம் சந்து. பிரெஞ்சுத் தூதரகத்தை ஒட்டிய அந்தச் சந்தில் ஹாரூன் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே ‘ஹோம் குசின் இஸ்லாமிக்’ என்ற எளிய உணவகம். காவ் மோக் காய் என்ற மஞ்சள் சோற்றுக் கோழி பிரியாணிக்குப் பச்சையாக ஒரு புளிப்பு-இனிப்புச் சட்னி தருவார்கள். மஸமன் குழம்பும் கிடைக்கும்: ஏலம், பட்டை, கிராம்பு, புளி, தேங்காய்ப்பால், வேர்க்கடலை. வெறும் பழுப்புக் குழம்பு, படத்தில் ஒன்றுமே தெரியாது. ஆனால் கமகமவென்று வருவது நம் வீட்டுக் கறியாணத்து வாசம். இந்த ஊரில் ஒரே ஒரு வேளை சாப்பாடு என்றால் நான் சொல்வது இதைத்தான்.

பழைய கட்டடமும் அலங்காரத் தட்டும் வேண்டுபவர்கள் சுரசாக் ரயில் நிலையத்தருகே ப்ளூ எலிஃபன்ட்டுக்குப் போகலாம். 1980-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய தாய் உணவகத்தின் பாங்காக் கிளை, நூறாண்டு தாண்டிய மாளிகையில் நடக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சீலோம் மாரியம்மன் கோயில்.

கைக்காசு அதிகம் செலவாகாமல் கிடைக்கும் நல்ல படம் ஒன்றும் உண்டு. நம் வேலியில் படரும் சங்குப்பூவை அங்கே வெந்நீரில் ஊறவைத்து, ஐஸ் போட்டு, நீலப் பானமாக விற்கிறார்கள். பூவின் நிறமி புளிப்புப் பட்டால் மாறும். கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக இறங்குவது அப்படியே பதிவாகும். ஊரிலேயே செய்து பார்க்கலாம்.

கடையில் கேட்க வேண்டியவை: ‘மாய் ஸை மூ’ என்றால் பன்றி போடாதீர்கள். ‘மாய் பெட்’ என்றால் காரம் வேண்டாம். சைவர்கள் ‘ஜே’ என்று சொல்ல வேண்டும், மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்து இருந்தால் அந்தக் கடை. வெறும் ‘காய்கறி’ என்று கேட்டால் மீன் சாறும் சிப்பிச் சாறும் சேர்ந்தே வரும். ஹலால் கடையில் சாய்சதுரக் கட்டத்துக்குள் அரபியில் எழுதிய சான்று முத்திரை ஒட்டியிருக்கும். கடைக்காரர் வாய்வார்த்தையை விட அதைப் பாருங்கள்.

விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.