தோற்றாலும் நியாயமாகத் தோற்க வேண்டும்

எதிரி வரும் வழி முன்பே தெரியும். அந்த வழியோரம் எங்கே கோபுரம் எழுப்புவது, எதை முதலில் பலப்படுத்துவது, கையிலிருக்கும் காசை இப்போதே போடுவதா, அடுத்த அலைக்கு வைத்துக்கொள்வதா என்று முடிவெடுப்பதுதான் ஆட்டம். செல்போனில் ‘டவர் டிஃபென்ஸ்’ என்று அழைக்கப்படும் விளையாட்டுகளின் அடிப்படை இவ்வளவே. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மலையடிவாரச் சாலையில் வரிசையாக இருக்கும் ஊர்களில், துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு நடுவே இதற்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. இந்தக் கூட்டம் அதிகம் சத்தம் போடுவதில்லை. ஆனால் ஒரு விளையாட்டைப் பற்றி இவர்கள் சொல்லும் கருத்து, நல்ல விமர்சகரின் கருத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இவர்களுடைய குறைகளைக் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். ‘கஷ்டமா இருக்கு’ என்று யாரும் புலம்புவதில்லை. கஷ்டத்துக்காகத்தான் விளையாட வருகிறார்கள். ‘பதினஞ்சாவது லெவல் வரைக்கும் நல்லா போச்சு, அதுக்கு மேல காசு கேக்குறான்’ என்பதுதான் குறை. இது கஞ்சத்தனம் இல்லை. தன் திட்டம் தவறியதால் தோற்றோமா, கடைப்பக்கம் தள்ளுவதற்காகத் தோற்கடிக்கப்பட்டோமா என்பதை விளையாடுகிறவன் விரல் நுனியிலேயே உணர்ந்துவிடுகிறான். முதல் வகைத் தோல்வி அவனை மறுபடி ஆடவைக்கிறது. இரண்டாவது வகைத் தோல்விக்குப் பிறகு அவன் விளையாட்டையே போனிலிருந்து எடுத்துவிடுகிறான்.

2009இல் பாப்கேப் நிறுவனம் வெளியிட்ட ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்’ இந்த வகையைக் கோடிக்கணக்கானவர்களிடம் கொண்டு சேர்த்தது. வீட்டு முற்றத்தில் செடி நட்டு, நடைப்பிணங்களைத் தடுக்கும் ஆட்டம். அதை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், விளையாட்டே தெரியாத தன் அம்மாவும் முழுதாக ஆடி முடிக்கும்படி அதை எப்படிக் கட்டினோம் என்று 2012இல் ஒரு மாநாட்டில் விளக்கியிருக்கிறார். பாடம் நடத்தாமலே பழக்கிவிடும் ஆட்டம் அது. லெவலை முடித்தால் புதுச் செடி கிடைக்கும். 2011இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் பாப்கேப்பை வாங்கியது. 2013இல் வந்த இரண்டாம் பாகம் இலவசம்தான். ஆனால் முதல் பாகத்தில் ஆடி வென்றாலே கிடைத்த ஸ்னோ பீ, ஸ்குவாஷ் போன்ற செடிகளுக்கு இதில் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பழைய ரசிகர்களின் கோபம் இன்றுவரை தணியவில்லை. அந்தக் கோபம் எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது. உழைத்துச் சம்பாதித்த ஒன்றைப் பிடுங்கி, விலைச்சீட்டு ஒட்டித் திருப்பித் தந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

உருகுவே நாட்டின் அயர்ன்ஹைட் நிறுவனம் 2011இல் கொண்டுவந்த ‘கிங்டம் ரஷ்’ஷை விரும்பாதவர்களைப் பார்ப்பது அரிது. வில்லாளி, மந்திரவாதி, பீரங்கி, படைவீடு என்று நான்கே வகைக் கோபுரங்கள். படைவீட்டிலிருந்து வரும் வீரர்கள் எதிரியை வழியிலேயே மறித்து நிறுத்த, மற்றவை அடிக்கும். ஆனால் அதே வரிசையில் 2018இல் வந்த ‘வெஞ்சன்ஸ்’, விலை கொடுத்து வாங்கிய பிறகும் சில கோபுரங்களுக்கும் ஹீரோக்களுக்கும் மறுபடி காசு கேட்டது. அங்கேயும் அதே முகச்சுளிப்புதான்.

எல்லோரும் மனம்விட்டுப் பாராட்டுவது நியூசிலாந்தின் நிஞ்சா கிவி உருவாக்கிய ‘ப்ளூன்ஸ் டிடி 6’. குரங்குகள் பலூன் உடைக்கும் ஆட்டம். பார்த்தால் குழந்தைகளுக்கானது போலிருக்கும். உள்ளே போனால் கணக்கு வாத்தியாரே தாடையைத் தேய்க்க வேண்டிவரும். வழக்கமான ஆட்டத்தில் 24ஆம் ரவுண்டில் கண்ணுக்குத் தப்பும் பலூன் முதல்முறையாக வரும். 28இல் ஈட்டி பாயாத ஈயப் பலூன். எத்தனை முறை ஆடினாலும் அதே ரவுண்டில் அதுவேதான் வரும். ஒருமுறை தோற்றவன் காரணத்தோடு தோற்கிறான். அடுத்தமுறை அந்த ரவுண்டுக்கு முன்பே ஆள் நிறுத்திவைக்கிறான். 2018இல் வெளிவந்த அதற்கு இன்றும் புதுப்புது மேப்கள் வருகின்றன. உள்ளே கடையும் உண்டு. ஆனால் கடைப்பக்கமே போகாமல் ஆடலாம் என்பதுதான் ஆடுகிறவர்களின் தீர்ப்பு.

சீனாவின் ‘ஆர்க்நைட்ஸ்’ விஷயம் வேறு மாதிரி. வீரர்களைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். அரிதான ஆள் விழ, அதிர்ஷ்டம் வேண்டும் அல்லது பணம் வேண்டும். அங்கே விளையாடுகிறவர்கள் தங்கள் கருத்தைச் செயலிலேயே காட்டினார்கள். எல்லோரிடமும் இருக்கும் சாதாரண வீரர்களை மட்டும் வைத்துக் கடினமான கட்டங்களைத் தாண்டி, அதை வீடியோவாகப் போடுவது ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. ‘உன் குலுக்கல் இல்லாமலும் ஜெயிப்பேன்’ என்பதைவிடக் காரமான விமர்சனம் எழுத்தில் வருமா?

நம் பக்கத்து ஊர்களில் இன்னொரு அளவுகோலும் உண்டு: நெட் இல்லாமல் ஓடுமா? ராஜபாளையம் பஸ்ஸிலும், மலையையொட்டிய தோப்புகளிலும் சிக்னல் வரும், போகும். கிங்டம் ரஷ்ஷும் ப்ளூன்ஸும் தனியாக ஆட நெட் கேட்பதில்லை. ஆர்க்நைட்ஸ் நெட் இல்லாமல் திறக்கவே திறக்காது. தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் ஆடிய எதிலும் தமிழ் இல்லை.

இது எனக்கு வெறும் மொழி ஆதங்கம் மட்டும் இல்லை. கோட்டை காக்கும் கலையைக் கற்பனையில் தேட வேண்டிய அவசியம் இல்லாத மண் இது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இங்கிருந்து கூப்பிடு தூரம். வாசுதேவநல்லூரின் மண்கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றது. 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிவிட்டுச் சிவகிரிக்கு வந்தபோது, பாளையக்காரர்கள் ஊரைவிட்டு மலைக்குள் இருந்த கோம்பைக்குப் போய்விட்டார்கள். மூன்று பக்கம் மலை. எதிரே அடர்ந்த காடு, அதன் வாயிலில் அரண். ஒரே வழி, அந்த வழியில் வருகிறவனைச் சுட ஆயிரக்கணக்கானோர். கம்பெனிப் படை குண்டு மழைக்கு நடுவே மரம் வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டியிருந்தது. ஃபுல்லர்ட்டனே இதைப் பிறகு எழுதிவைத்திருக்கிறார். கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது.

இதைவிடக் கச்சிதமான ஒரு மேப்பை எந்த ஸ்டுடியோ வரையப்போகிறது? சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு சின்னக் குழு இதை எடுத்துச் செய்யலாம். வேல்கம்பு வீரன், கவண்காரன், மரம் வெட்டிகளைக் குறிவைக்கும் துப்பாக்கிக்காரன் என்று கோபுரங்களுக்குப் பதிலாக ஆட்கள். காடு அழிய அழியப் பாதை நீளும். நேற்று நிறுத்திய ஆள் இன்று தவறான இடத்தில் இருப்பான். கடைசி ரவுண்டில், யாரும் எதிர்பாராத செங்குத்தான மலைச்சரிவில் எதிரியை ஏறவிட வேண்டும். கோம்பை விழுந்தது அப்படித்தான். ஆடுகிறவன் திட்டத்தான் செய்வான். ஆனால் மறுபடி தொடங்கும்போது அந்தச் சரிவில் நிறுத்த, காசு கேட்காத ஒரே ஒரு ஆளையாவது அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும்.