1,200 டாலரும் 24 லட்சம் டாலரும்



கோடிக்கணக்கில் ஏலம் போன ஓவியம் பற்றிய செய்தியை நாளிதழில் பார்த்தால், அது பணக்காரர்கள் விவகாரம் என்று நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இன்று ஒரே ஒரு ஓவியத்தின் விலையைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். செய்தவர் கையைவிட்டுப் போன பொருளின் மதிப்பு யார் வீட்டில் வளர்கிறது என்ற கேள்வி நமக்குப் புதியதல்ல.

மத்திய ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் பபுன்யா இருக்கிறது. தங்கள் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பூர்வகுடி மக்களை அரசு கொண்டுவந்து வைத்த குடியிருப்பு அது. அவர்களை வெள்ளையர் வாழ்முறைக்குள் கரைத்துவிடுவதுதான் அன்றைய திட்டம். 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் அங்கே வந்தார். அவர் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தங்கள் தேனெறும்புக் கதையைத் தீட்டினார்கள். சில ஆண்டுகளில் நிர்வாகம் அந்தச் சுவருக்குப் புதுச் சாயம் பூசிப் படத்தை மறைத்துவிட்டது. அதே ஊரின் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. 1972இல் ஓவியர்கள் சேர்ந்து 'பபுன்யா துலா' என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். அதன் உரிமையாளர்கள் பூர்வகுடிகளே.

அந்த ஓவியர்களில் ஒருவர் கிளிஃபர்ட் பாஸம் ஜபல்ஜாரி. அதற்குமுன் பல காலம் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தவர். 1977இல் 'வார்லுகுலாங்' என்ற பெரிய ஓவியத்தை வரைந்தார். முதல் காட்டுத்தீயை மூட்டிய பல்லி மனிதனையும், அதில் மாண்ட அவனுடைய இரண்டு மகன்களையும் பற்றிய கதை. கூடவே அவர் மக்களின் நிலத்து வழித்தடங்களும். ஒரு வங்கி அதை 1,200 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கி, தன் பயிற்சி மையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியது. 1996இல் வங்கி அதை ஏலத்தில் விற்றபோது கிடைத்தது 36,000 டாலர். 2007இல் சாதபிஸ் ஏலத்தில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை 24 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. ஓவியர் 2002இல் இறந்துவிட்டார். விலை இரண்டாயிரம் மடங்கு ஏறியது. அந்த ஏற்றத்தில் அவர் குடும்பத்துக்குச் சட்டப்படி ஒரு காசும் உரிமையில்லை.

இதில் யாரும் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தையின் அமைப்பே அப்படி. முதல் விற்பனையில் காட்சிக்கூடமும் ஓவியரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. ஓவியரின் கணக்கு அத்துடன் முடிந்தது. மறுவிற்பனையில் ஏல நிறுவனம் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கட்டணம் எடுக்கும். மிச்சமெல்லாம் விற்பவருக்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓவியர் தொடர்ந்து வரைந்து, கண்காட்சி வைத்து, பெயர் எடுப்பதால்தான் பழைய படத்தின் விலை ஏறுகிறது. அதாவது அவர் இன்று உழைக்கும் உழைப்பு, என்றோ வாங்கி வைத்தவரின் சொத்தை வளர்க்கிறது. அதே பபுன்யாவின் ஜானி வாரங்குலா 1972இல் 150 டாலருக்கு விற்ற படம் 1997இல் 2,06,000 டாலருக்கும், 2000இல் 4,86,500 டாலருக்கும் கைமாறியது. இரண்டு முறையும் அவர் உயிரோடு இருந்தார்.

விலையை ஏற்றுவதில் காகிதத்துக்கும் பங்கு உண்டு. படம் யார் வரைந்தது, எங்கே, எப்போது, யார் கை மாறி வந்தது என்ற ஆவணம் இல்லாவிட்டால் ஏலத்தில் மதிப்பு சரியும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சில தரகர்கள் முதிய ஓவியர்களை அறைகளில் உட்காரவைத்து, கொஞ்சம் ரொக்கமோ பழைய காரோ கொடுத்துப் படங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். 2007இல் செனட் குழுவே இதை விசாரித்தது. பபுன்யா துலா போன்ற, மக்களின் சொந்த நிறுவனம் தரும் பதிவெண்ணும் சான்றிதழும் உள்ள படத்துக்குச் சந்தையில் மரியாதை அதிகம். பதிவேடு யாரிடம் இருக்கிறது என்பது அங்கே பணமாகவே மாறுகிறது.

பிரான்ஸ் 1920இலேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் சட்டம் 2010 ஜூனில் நடைமுறைக்கு வந்தது: 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் 5 சதவீதம். ஓவியர் இறந்து 70 ஆண்டுகள்வரை வாரிசுகளுக்கும் உண்டு. ஆனால் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களின் முதல் விற்பனைக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். 24 லட்சத்தில் 5 சதவீதம் 1,20,000. முதலில் கொடுத்த விலையைப்போல் நூறு மடங்கு!

நம் நாட்டிலும் இப்படியொரு பிரிவு இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 53அ. 1994 திருத்தத்தில் சேர்ந்தது. மறுவிற்பனை விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் படைப்பாளிக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு. அதிகபட்சம் 10 சதவீதம். பதிப்புரிமையை எழுதிக்கொடுத்திருந்தாலும் இந்த உரிமை போகாது. ஓவியம், சிற்பத்தோடு இலக்கியப் படைப்பின் மூலக் கையெழுத்துப் பிரதியும் இதில் அடங்கும் என்பதை எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் விற்கப்பட்டது தெரிந்தால்தானே கேட்க முடியும்? ஒரு படத்தையோ கையெழுத்துப் பிரதியையோ கொடுக்கும்போது தேதி, வாங்கியவர் பெயர், விலை மூன்றையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு நகலை நம்மிடம் வைத்துக்கொள்வதற்கு எந்த வக்கீலும் தேவையில்லை. ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.