எறியுமுன் எண்ணுக

கை வலிமையும் கால் விரைவும் உடையவரே விளையாட்டில் வெற்றி பெறுவர் எனப் பலர் எண்ணுவர். அவ்விரண்டும் வேண்டற்பாலனவே. ஆயினும், அவற்றை எப்பொழுது, எவ்விடத்தில் பயன்படுத்துவது என்று தேரும் அறிவு இல்லையேல், வலிமையும் விரைவும் விழலுக்கு இறைத்த நீராகும். இவ்வுண்மையை நன்கு விளக்கும் ஆட்டங்களுள் ஒன்று கூடைப்பந்து.

அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இவ்வாட்டத்தை வகுத்தார். குளிர்காலத்தில் மாணவர் கூரையின்கீழ் ஆடுதற்கு ஏற்ற ஓர் ஆட்டம் அவருக்கு வேண்டியிருந்தது. பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, அவற்றுள் பந்தை எறியச் செய்தார். பின்னர்க் கூடை நீங்கி இரும்பு வளையம் வந்தது. பத்தடி உயரம் மட்டும் இன்றளவும் மாறவில்லை.

அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டத்தில் அணிக்கு ஐவர் களத்தில் நிற்பர். ஆட்டம் 48 நிமிடம் நடைபெறும். பந்தைப் பெற்ற அணி 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி அதனை எறிதல் வேண்டும். இவ்விதி தோன்றிய வரலாறு சுவையானது. 1950ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஃபோர்ட் வெயின் அணியினர், எறியாமலே பந்தைக் கையில் வைத்துக் காலத்தைப் போக்கி, மினியாபொலிஸ் அணியை 19-18 என்னும் கணக்கில் வென்றனர். இத்தகைய ஆட்டத்தைக் காண எவர் வருவர்? ஆதலின் 1954ஆம் ஆண்டில் கால வரம்பு விதிக்கப்பட்டது. நல்ல ஆட்டமொன்றில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறியும் எனக் கொண்டு, 48 நிமிடத்திற்குரிய 2,880 நொடிகளை அவ்வெண்ணால் வகுத்து, 24 என வரையறுத்தனர்.

எனவே, எறியாமல் இருத்தலும் இயலாது. எண்ணாமல் எறிதலும் தகாது. 24 நொடிக்குள் நல்ல வாய்ப்பைத் தேடிக் காணுதல் வேண்டும். நல்ல வாய்ப்பு என்பது யாது?

வளையத்தின் எதிரே 23 அடி 9 அங்குலத் தொலைவிலும், களத்தின் மூலைகளில் 22 அடித் தொலைவிலும் ஒரு கோடு வரையப்பட்டுள்ளது. அதற்கு அப்பாலிருந்து எறிந்து வென்றால் மூன்று புள்ளி. உள்ளிருந்து எறிந்து வென்றால் இரண்டு புள்ளி. ஒருவர் வளையத்தின் அருகிலிருந்து நூறு முறை எறிந்து அறுபது முறை வெல்கிறார் எனக் கொள்வோம். அவர் பெறுவன 120 புள்ளிகள். கோட்டிற்குச் சற்று உள்ளேயிருந்து நூற்றுக்கு நாற்பது வென்றால் 80 புள்ளிகளே கிட்டும். கோட்டிற்கு அப்பாலிருந்து முப்பத்தாறே வெல்லினும் 108 புள்ளிகள் ஆகும். எனவே, கோட்டின் உள்ளே ஓரடி தள்ளி நின்று எறிபவர், ஏறத்தாழ அதே அளவு அருமையுடைய செயலைச் செய்து குறைந்த ஊதியம் பெறுகிறார். இந்தக் கணக்கே இடந்தேர்தலின் அடிப்படை.

இடம் மட்டும் போதாது. எதிரணியினர் கை மறிக்கும்போது எறிவதைவிட, மறிப்பார் இல்லாதபோது எறிவது நன்று. இங்கேதான் கூட்டு முயற்சியின் பயன் புலப்படும். ஓர் அணியில் ஒருவரே பெருந்திறலினர் ஆயின், எதிரணியினர் இருவர் அவரைச் சூழ்வர். அப்பொழுது எஞ்சிய நால்வரை மூவரே காத்தல் வேண்டும். நால்வருள் ஒருவர் தடையின்றி நிற்பார். அவர் கைக்குப் பந்து சென்று சேர்ந்தால் வாய்ப்பு உண்டு, சேராவிடின் இல்லை. ஓடும் காலினும் விரைவாகச் செல்வது எறிந்த பந்து. ஆகவே, ஐவரும் பந்தை மாற்றி மாற்றித் தந்தால், காப்பவர் எத்துணை விரைந்து ஓடினும் பின்தங்கவே நேரும்.

இதற்குச் சான்றாக விளங்கியது டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி. 2013ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் அவ்வணி மயாமி ஹீட் அணியை எதிர்த்தது. ஏழு ஆட்டங்களுள் நான்கில் வெல்வோரே வாகை சூடுவர். ஸ்பர்ஸ் மூன்றில் வென்றிருந்தது. ஆறாம் ஆட்டம் முடிய அரை நிமிடமே இருந்தபோது அது ஐந்து புள்ளிகள் முன்னின்றது. பின்னர் அவ்வேறுபாடு மூன்றாகக் குறைந்தது. மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. அதனைப் பற்றிய கிறிஸ் பாஷ், தாமே எறிய முயலாமல், மூலையில் கோட்டிற்கு அப்பால் விலகி நின்ற ரே ஆலனுக்கு அளித்தார். 5.2 நொடி எஞ்சியிருக்க, ஆலன் எறிந்த பந்து வளையத்துள் புகுந்தது. கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. ஏழாம் ஆட்டத்தையும் வென்று வாகை சூடியது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆயினும் ஸ்பர்ஸ் அணியினர் மனம் தளர்ந்திலர். நல்ல வாய்ப்புத் தமக்கு இருப்பினும், அதனினும் சிறந்த வாய்ப்புத் தோழருக்கு இருப்பின் பந்தை அவருக்கே தருக என்பது, அவர்தம் பயிற்றுநர் கிரெக் போப்போவிச் வற்புறுத்திய நெறி. அடுத்த ஆண்டில் அந்நெறி முழுமையாகக் கனிந்தது. 82 ஆட்டங்களுள் 62இல் அவ்வணி வென்றது. அதன் வீரருள் எவரும் சராசரியாக ஆட்டத்திற்கு 30 நிமிடம்கூடக் களத்தில் நின்றிலர். ஆயினும் அறுவர் பத்துப் புள்ளிக்கு மேல் ஈட்டினர். அமெரிக்கர் மட்டுமன்றி, பிரான்சு நாட்டவரான டோனி பார்க்கர், அர்ஜென்டினா நாட்டவரான மனு ஜினோபிலி, ஆஸ்திரேலியரான பேட்டி மில்ஸ் முதலியோரும் அவ்வணியில் இருந்தனர். தாய்மொழி வேறாயினும் பந்தின் மொழி அவர்க்கு ஒன்றே.

2014ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் மீண்டும் அவ்விரண்டு அணிகளே எதிர்நின்றன. லெப்ரான் ஜேம்ஸ் ஆட்டத்திற்கு 28 புள்ளிக்கு மேல் ஈட்டினார். ஸ்பர்ஸ் வீரருள் எவரும் சராசரி 18 புள்ளியைத் தாண்டவில்லை. எனினும் வென்றவர் யார்? மூன்றாம் ஆட்டத்தின் முதற்பாதியில் ஸ்பர்ஸ் வீரர் 33 முறை எறிந்து 25 முறை வென்றனர். ஐந்தாம் ஆட்டத்தின் தொடக்கத்தில் 6-22 எனப் பின்தங்கியும், பதற்றத்தால் கண்டவாறு எறியாமல், தம் நெறி பிறழாது ஆடி 104-87 என வென்றனர். நான்குக்கு ஒன்று என்னும் கணக்கில் வாகை அவர்களுடையதாயிற்று.

மாணவர்களே! வளையத்துள் விழாத எறிவெல்லாம் தவறானதும் அன்று. விழுந்த எறிவெல்லாம் நல்லதும் அன்று. மறிப்பார் இல்லாத தோழர் அருகில் நிற்க, தம் புகழ் கருதி எறிந்த பந்து ஒருமுறை விழினும், பலமுறை அணியைக் கெடுக்கும். தக்க இடத்தில் தக்கவர் எறிந்த பந்து ஒருமுறை தவறினும், பலமுறை அணியைக் காக்கும். விளைவு ஒருகால் நம் கையில் இல்லை. தேர்வு எக்காலும் நம் கையில் உள்ளது. கையிலுள்ள பந்தைத் தோழர்க்கு ஈதல் தோல்வியன்று. அதுவே ஐவரை ஓரணியாக்கும் செயலாகும்.