காட்டில் உதவும் கத்தி

திருவாலங்காடு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது இரத்தின சபை; அதற்கடுத்தாற்போல் காரைக்காலம்மையார்; சரித்திர ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்களானால் 1905-ஆம் வருஷம் கிடைத்த சோழர் செப்பேடுகள். ஊர்ப் பெயரிலேயே ஒரு காடு இருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. வடமொழியாளரும் அதை விட்டுவிடாமல் வடாரண்யம், அதாவது ஆலமரக் காடு, என்றே வழங்கினர். இன்று அங்கே நெல்லும் கரும்பும் விளைகின்றன. சர்க்கரை ஆலையும் இருக்கிறது. புதர்க்காட்டைப் பார்க்க ஆசைப்படுபவர் வடக்கே நகரி, நாகலாபுரம் மலைகளை நோக்கிச் செல்லவேண்டும்.

சென்ற வருஷம் சுவாமி தரிசனம் முடித்துக்கொண்டு மாணவர் சிலருடன் நாம் அவ்வாறு புறப்பட்டோம். அவர்களில் ஒரு பிள்ளை இடுப்பில் "வேட்டைக் கத்தி" ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒன்பது அங்குல அலகு. முதுகில் ரம்பப் பற்கள். குழாய் போன்ற பிடிக்குள் தீக்குச்சி, தூண்டில் முள், திசைகாட்டி எல்லாம் அடக்கம். மற்றப் பிள்ளைகள் பொறாமையால் வெந்தார்கள். மலையடிவாரத்து மாந்தோப்பில் சமையலுக்கு விறகு பிளக்க அவன் அதை ஓங்கினான். இரண்டாவது அடியில் அலகு பிடியினின்றும் கழன்று பறந்து, இன்னொரு பிள்ளையின் பாதத்திற்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்திட்டு நின்றது. நமக்குச் சில விநாடி பேச்சே எழவில்லை. துணைக்கு வந்திருந்த இருளர் முதியவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளே இரும்பே போகலியே சாமி!" என்றார்.

குறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அலகின் இரும்பு பிடியின் அடிவரை ஒரே துண்டாக ஓடவேண்டும். பிடி அதன்மேல் தைத்த கட்டையாக இருக்கவேண்டும். பிடியைக் குடைந்து சாமான்களை நிரப்பினால் தாங்கும் இடமே பலவீனமாகிவிடுகிறது. நீளமும் அவ்வளவு தேவையில்லை. நான்கைந்து அங்குல அலகு, கனத்த முதுகு, நல்ல உருக்கு: இவையே போதும்.

இந்தப் பிரதேசத்தில் கத்தியின் கதை நேற்று ஆரம்பித்ததன்று. திருவாலங்காட்டிற்கு வடகிழக்கே, கொசஸ்தலை ஆற்றை அடுத்து அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் உண்டு. 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞரும் அவர் தோழர் வில்லியம் கிங்கும் ஆதிமனிதரின் கற்கருவிகளை அங்கே கண்டெடுத்தார்கள். பின்னர் சாந்தி பப்பு முதலியோர் அகழ்ந்து ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத் தொன்மையுடையவை என்று 2011-இல் வெளியிட்டனர். உள்ளங்கையில் அடங்கும் கடுங்கல்லை இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய கைக்கோடரிகள் அவை. தோலுரிப்பதும், மரம் செதுக்குவதும், கிழங்கு தோண்டுவதும் ஒரே கல்லால் நடைபெற்றிருக்கும். புலியோடு பொருதுவதற்கா அவற்றைச் செய்திருப்பார்கள்?

வேட்டையென்றால் நமக்குக் கண்ணப்பர் ஞாபகம் வராமற்போகாது. காளத்தியும் இங்கிருந்து வெகு தூரமன்று. ஓடிய பன்றியைத் திண்ணனார் உடைவாளால் வீழ்த்தினார் என்று பெரியபுராணம் கூறும். வீரம் அந்த ஒரு கணந்தான். பிறகு நடந்தவற்றைப் பாருங்கள்: காடன் தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்குகிறான், திண்ணனார் இறைச்சியை அம்பினால் அரிந்து, கோத்து, பதமாக வதக்குகிறார், தேக்கிலையைத் தைத்துக் கல்லையாக்கி அதில் ஏந்திச் செல்கிறார். அரிதல், கோத்தல், தைத்தல், தீ மூட்டல். காட்டில் அகப்பட்டுக்கொண்டவனுக்கு வேண்டியவையும் இவையே.

அன்று அம்முதியவர் தம் வெட்டுக்கத்தியால் செய்து காட்டியதும் ஏறக்குறைய இதுதான். முந்திய இரவு மழை பெய்து விறகெல்லாம் ஈரம். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, இன்னொரு கட்டையால் முதுகில் தட்டினார். கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்வைரம் உலர்ந்திருந்தது. அதிலே மெல்லிய சீவல்களை, அற்றுவிடாமல் நுனியில் தொங்கும்படி, தோகைபோல் சீவினார். ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. தீக்குச்சி இல்லையென்றாலும் உருக்குக் கத்தியின் முதுகை வெங்கச்சங்கல்லின் கூரிய விளிம்பில் அடித்தால் பொறி பறக்கும். கருக்கிய பஞ்சு அதை ஏந்திக்கொள்ளும். துருப்பிடிக்காத உருக்கு இவ்விஷயத்தில் அவ்வளவு உதவாது.

கத்தியால் மண்ணைத் தோண்டலாகாது என்பது அவர் கற்பித்த இரண்டாவது பாடம். கத்தியால் ஒரு கழியை வெட்டி, நுனியைச் சீவி, தணலில் வாட்டிக் கெட்டிப்படுத்தி அக்கழியால் தோண்டவேண்டும். கோடையில் இந்தக் குன்றுகளில் வழிதவறியவனைப் பசியைவிட முந்திக்கொள்வது தாகம். வறண்ட ஓடையின் வளைவில் மணலைக் கிளறி ஊற்றுக் காண அந்தக் கழியே துணை.

மூன்றாவது பாடம் எல்லாவற்றினும் பெரியது. பாம்பு கடித்த இடத்தில் கத்தியை வைக்கவே கூடாது. கீறி இரத்தத்தை வடிப்பதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் நம் குடும்பங்களில் இன்னும் மருத்துவமாகவே எண்ணப்படுகின்றன. அவற்றால் விஷம் வெளியேறுவதில்லை. காயமும் இரத்தப்போக்குமே மிகுகின்றன. கடியுண்ட அங்கத்தை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்லவேண்டும். அம்மருந்துக்குரிய விஷத்தை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து எடுத்துத் தருவோர் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளரே. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவிலுள்ள புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, இரண்டு வாரத்திற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள்; ஒன்று பதினாறடி. 2023-இல் நம் அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கிற்று.

இத்தகையோரை நாம் நடத்திய விதம் தலைகுனியத்தக்கது. திருவள்ளூர் ஜில்லாவில் எத்தனையோ இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் உழன்றிருக்கின்றன. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னும் அது நின்றபாடில்லை. நம் முதியவரும் ஒருவரிடம் வாங்கிய கடனுக்காகப் பல வருஷம் விறகு வெட்டியவர். காட்டில் அவரைக் காத்த அதே கத்தி, அந்த வருஷங்களில் பிறர் அடுப்புக்கு உழைத்தது.

சட்டம் என்றதும் இன்னொன்று. வெள்ளையர் 1878-இல் செய்த ஆயுதச் சட்டம் வாள், குத்துவாள் மட்டுமின்றி வில்லையும் அம்பையுங்கூட ஆயுதமென்று எழுதி வைத்தது. அது போய் 1959-இல் வேறு சட்டம் வந்தது; வீட்டுக்கும் உழவுக்குமென்றே செய்த கருவிகளை அது விலக்கியிருக்கிறது. ஆயினும் வனவிலங்குச் சரணாலயத்திற்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோவது குற்றம். வேட்டைக்கும் தடை உண்டு. பெற்றோர் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

பறிகொடுத்த அந்தப் பிள்ளை ஊர் திரும்பியதும் கொல்லுப்பட்டறையில் பழைய லாரி வில்பட்டையிலிருந்து ஐந்தங்குலக் கத்தி ஒன்று அடித்துக்கொண்டான். பிடி வேலங்கட்டை. துரு ஏறாதிருக்க வாரந்தோறும் தேங்காயெண்ணெய் தடவுகிறானாம். இப்போது வீட்டில் தேங்காய் உரிப்பதும், ஓலை கிழிப்பதும், அடுப்புக்குச் சிராய் சீவுவதும் அவன் பொறுப்பு. இடது கட்டைவிரலில் சிறு துணிக்கட்டு ஒன்றும் பார்த்தோம்.